ஐந்து மில்லிமீட்டர்

இன்னிஸ்ஃபெயிலில் மழையை மீட்டரில்தான் அளப்பார்கள்.
மூன்றரை. சில வருடம் நாலு.
செருப்பைக் கழற்றி வைத்து மறுநாள் எடுத்தால்
உள்ளே பச்சையாய் யாரோ குடியேறியிருப்பார்கள்.

டிசம்பர் ஒன்பது. காலை.
காப்பிக் கோப்பையோடு வெளித்தளத்துக்கு வந்தவள்
முழங்கால்வரை அதற்குள் இறங்கிவிட்டேன்.
காப்பி சிந்தவில்லை.
ஒத்தாவியோ இன்றும் எல்லோரிடமும் அதைச் சொல்கிறார்,
காலைப் பற்றிச் சொல்வதில்லை.

பலகைதான் குற்றவாளி என்று
அன்று மதியத்துக்குள் தீர்ப்பாகிவிட்டது.

கடைக்கார நெவில் நான்கு மாதிரித் துண்டுகள் தந்தார்.
செங்கல்மேல் அடுக்கிப் பப்பாளியடியில்
அந்த மழைக்காலம் முழுக்க விட்டுவைத்தோம்.

மெர்பாவ் முதல் வாரமே அழுதது,
சிமென்ட் நடைபாதையெல்லாம்
பீட்ரூட் வேகவைத்த தண்ணீர்.
மருந்தேற்றிய பைன் அடக்கமான பிள்ளைபோல் இருந்தது,
ஆறாம் வாரம் முதுகை முறுக்கித் திரும்பிக்கொண்டது.
ஸ்பாட்டட் கம் அசையவில்லை,
திருகாணி இறக்கப் போனால் ஒடிந்தது திருகாணி.

நான்காவது மரமே இல்லை.
மரத்தூளையும் பழைய பால் புட்டிகளையும்
உருக்கி அழுத்திய பலகை.
எண்ணெய் வேண்டாம், தேய்க்க வேண்டாம்,
இருபத்தைந்து வருட உத்தரவாதம் என்றார் நெவில்.
எனக்கு எழுபத்தொன்று.
ரசீதை யாரிடம் கொடுத்துவைப்பது என்று கேட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.
ரசீது நனையாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் உறை தந்தார்.

மழை விட்ட ஒரு பிப்ரவரி நண்பகலில்
அதன்மேல் வெறுங்காலை வைத்தேன்.
அடுப்பிலிருந்து இறக்கிய வாணலி.
ஒத்தாவியோ தன் சந்தோஷத்தை மறைக்கவில்லை.

மழை ஓயும் மாதம் எண்ணெய் டப்பாவைத் திறந்து
முட்டிபோட்டு, ஜெபமாலை உருட்டுவதுபோல்
பலகை பலகையாய்த் தடவியவர் அவர்,
முப்பத்தொரு வருடம்.
இப்போது வலது முட்டி உலோகம்.
மருத்துவர் அதற்குச் சொன்னது பதினைந்து வருடம்தான்,
உறையும் தரவில்லை.

உனக்கு வேலையில்லாத வீடு வேண்டும் என்றார்.
வேலை கேட்காத வீடு என்று திருத்தினேன்.
அன்றிரவு ரவியோலியை
ஆளுக்கொரு அறையில் சாப்பிட்டோம்.

மே மாதம் ட்ரூடி கடப்பாரையோடு வந்தாள்.
பெயர்த்த பலகையைப் புரட்டிக் காட்டினாள்:
அயர்ன்பார்க், அடிப்பக்கம் தேன்நிறம்,
தட்டினால் மணிபோல் சத்தம்.
அதற்குக் கீழே விட்டம்.
விரலை வைத்தாள். ஈரக் கேக்குக்குள் போவதுபோல் போனது.

பலகை உங்களைக் கைவிடவில்லை, என்றாள்,
அது நின்ற இடம்தான் இல்லாமல் போயிருக்கிறது.
இங்கே காற்றை அடைத்தது யார்?

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.
தேரை வருகிறதென்று சுற்றிலும் தகரம் அடிக்கச் சொன்னது நான்.
என் குதிகால் சிக்கக்கூடாதென்று
இடுக்கே இல்லாமல் பலகைகளை நெருக்கியது அவர்.
சொட்டிய நீர் போக வழியில்லாமல்
விட்டத்தின் முதுகிலேயே உட்கார்ந்துவிட்டது.
நாங்கள் முகத்துக்கு மட்டும் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தோம்.

புது விட்டங்கள் வந்தன, முதுகில் கறுப்பு நாடா ஒட்டி.
துருப்பிடிக்காத திருகாணிகள்;
அவற்றின் விலையை ஒத்தாவியோ இருமுறை கேட்டார்.
பழைய பலகைகளே இழைத்துத் திருப்பிப் போடப்பட்டன,
ஒவ்வொன்றுக்கும் நடுவே
ட்ரூடி ஒரு தடித்த ஆணியைச் செருகி உருவினாள்.
ஐந்து மில்லிமீட்டர்.
தகரம் குப்பைக்குப் போனது.

எண்ணெய் இனி இல்லை. நரைக்கட்டும் என்று விட்டுவிட்டோம்,
இந்த வீட்டில் அதற்கு ஆட்சேபிக்க யாருமில்லை.
இடுக்கில் சேரும் இலையை மட்டும்
நீளக் கைப்பிடிக் கத்தியால் ஒத்தாவியோ நின்றபடி கீறிவிடுகிறார்.
மணிக்கணக்கில் கீறுகிறார்.
நான் ஒன்றும் சொல்வதில்லை.

நெவிலின் துண்டுகள் இன்னும் பப்பாளியடியில்தான்.
பால்புட்டிப் பலகை, சொல்லத்தான் வேண்டும்,
வைத்த அன்று இருந்ததுபோலவே இருக்கிறது.

நேற்று என் இரத்த அழுத்த மாத்திரை
விரலிலிருந்து நழுவி இடுக்கில் விழுந்தது.
கீழே எதுவோ தத்தி வந்தது,
கொஞ்சம் நின்றது,
நிதானமாகப் போனது.